எந்தச் சத்தத்துக்கு நரி வரும்?

நரி குட்டியைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு வெள்ளிக்கிழமை, பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லி முடிந்த கையோடு. அப்துல் ஸமத் அப்போது பள்ளிவாசலில் முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ஆண்பிள்ளைகள் எல்லோரும் வீட்டை விட்டுத் தொழப் போகிற அந்தக் கால் மணி நேரம் எது என்று அந்த நரிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

ஒரு ஆட்டுக்குட்டிதானே, போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிற சங்கதி இல்லை இது. ஸமத்துக்கும் மஸீனாவுக்கும் கலியாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவன் றஹீம். அவனுக்கு நாலு மாதமாக இருக்கும்போது மஸீனாவைக் கடும் காய்ச்சல் போட்டு உருட்டியெடுத்தது. காய்ச்சல் போனது, கூடவே பாலும் வற்றிப்போனது. டின் பால் கரைத்துக் கொடுத்தால் பிள்ளைக்கு வயிற்றால் போகும். பசும்பால் கொடுத்தால் அதைவிட மோசம். மாத்தளை ஆஸ்பத்திரிக்கும் யட்டவத்தை வீட்டுக்குமாக நடையாய் நடந்து, பிள்ளை வெறும் எலும்பும் தோலுமாகிப் போன பிறகு, கடைவீதி மூலையில் மருந்து அரைக்கிற சிங்கள வைத்தியர் ஆட்டுப்பால் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பிள்ளை குடித்தது. கக்கவில்லை. குடித்துவிட்டுத் தூங்கியது. அன்றைக்கு மஸீனா அடுப்படியில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுது தீர்த்தாள்.

அந்த ஆட்டின் பெயர் செம்பி. அதற்கு இரண்டு குட்டிகள். குட்டி வந்து மடியில் முட்டினால்தான் அது பாலை விடும், இல்லாவிட்டால் எவ்வளவு தடவிக் கொடுத்தாலும் ஒரு சொட்டு இறங்காது. இரண்டில் ஒன்றை நரி கொண்டுபோய்விட்டது. மற்றதும் போனால் செம்பியின் மடி பூட்டிய கடைதான், றஹீமுக்குப் பால் இல்லை. இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் ஸமத் நாற்பத்தைந்து வயதில் வேட்டைக்காரர் ஆக வேண்டி வந்தது.

துவக்கு ஒன்று வீட்டில் இருந்தது. கூடப்பிறந்து மவுத்தாய்ப் போன நானாவுடையது, ஒற்றைக் குழல். லைசன்ஸைத் தன் பேருக்கு மாற்றுவதற்கு அரசாங்கக் கச்சேரிக்கு ஒரு வருஷம் அலைந்தார் ஸமத். மாற்றிய பிறகு அதை வைத்து அவர் செய்த ஒரே வேலை, மிளகுக் கொடியைப் பிடுங்குகிற குரங்குகளைப் பார்த்து வானத்தில் வெடி வைத்ததுதான். கடைவீதியில் மிளகும் கராம்பும் வாங்கி மாத்தளைக்கு அனுப்புகிற மனுஷன் அவர். பேசிப் பேசியே காரியம் முடித்துப் பழகியவர். சும்மா இருப்பது என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. அப்படிப்பட்டவர் பற்றைக்குள் மூச்சு விடாமல் உட்கார்ந்து நரிக்குக் காத்திருக்கப் போகிறாராம். மஸீனா கேட்டுவிட்டுச் சிரித்தாள். பன்னிரண்டு வருஷமாகத் தன்னிடம் காட்டாத பொறுமையை நரியிடம் காட்டப் போகிறாரா என்று கேட்டாள்.

நரியைத் தேடிப் போய்ச் சுடமுடியாது, கூப்பிட்டுத்தான் சுடவேண்டும் என்று ஸமத்துக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அடிபட்ட மிருகம் கத்துகிற மாதிரிச் சத்தம் போட்டால் நரி தின்ன வரும். சரி, சத்தத்துக்கு எங்கே போவது? அப்போதுதான் அவருக்கு அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது. நாலந்தாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்த வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போகும்போது பங்களாச் சாமான்களை ஏலத்தில் விட்டார். ஸமத் ஒரு மரப்பெட்டி எடுத்தார். பெட்டிக்குள் மூன்று ஊதல்கள் கிடந்தன: ஒன்று மரம், ஒன்று கொம்பு, ஒன்று கறுப்பாக வழுவழுவென்று ஏதோ ஒன்று. எது எந்த மிருகத்துக்கு என்று எழுதியிருந்த தாளைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. தோட்டத்துக் கிளாக்கர் கணபதி இங்கிலீஷ் படித்தவர் என்று அவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டு மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இங்கிலாந்தில் செய்தது என்று மட்டும் போட்டிருக்கிறது என்றார். அதைக் கேட்கவா ஒரு மைல் நடந்து போனேன் என்று ஸமத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை பின்னேரம் மர ஊதலை எடுத்துக்கொண்டு வேலியோரம் உட்கார்ந்து ஊதினார். நரி வரவில்லை. பக்கத்து வளவிலிருந்து கைறுன்னிஸாவின் வாத்துகள் ஏழும் வேலி இடுக்கால் நுழைந்து, வரிசையாக வந்து அவர் முன்னால் நின்றன. துரை குளத்தில் வாத்துச் சுடப் போனவர் என்பது ஸமத்துக்கு எப்படித் தெரியும்? வாத்துகளுக்குப் பின்னால் கைறுன்னிஸாவே வந்துவிட்டாள்.

"வாத்து ஆணம் வேணும்னா வாய் தொறந்து கேட்டா ஆக்கித் தந்திருப்பேனே நானா. இப்படி ஊதி ஊதியா கூப்பிடணும்?"

அடுத்த நாள் கடைவீதி முழுக்க இந்தக் கதைதான். மிளகு கொண்டுவந்த சனமெல்லாம் மூட்டையை இறக்குவதற்கு முன் வாத்து எப்படி இருக்கிறது என்று விசாரித்தது. ஸமத் பல்லைக் கடித்துக்கொண்டு தராசைப் பிடித்தார்.

கொம்பு ஊதலுக்கு ஒன்றும் வரவில்லை. கறுப்பு ஊதல் கொஞ்சம் பரவாயில்லை. முயல் மாட்டிக்கொண்டு கத்துகிற மாதிரிக் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அதை ஊதியதும் தோட்டத்து மேல் மலையிலிருந்து நரி ஊளையிட்டுப் பதில் சொன்னது. ஒன்று சொல்ல இன்னொன்று சொல்ல, மலை முழுக்க ஊளை. ஆனால் ஒன்றும் இறங்கி வரவில்லை. ஸமத் ஊதினால் அவை பதில் சொல்லும், அவர் நிறுத்தினால் அவையும் நிறுத்தும். இருட்டும்வரை இந்தக் கூத்து நடந்தது. தன்னை வைத்து அவை விளையாடுகின்றன என்று ஸமத்துக்கு உறுதியாகப் பட்டது. ஊதலைக் கல்லில் அடித்து உடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

இதற்கிடையில் செம்பி, குட்டி போன முதல் இரண்டு நாளும் கத்திய கத்தல் சொல்லி முடியாது. பலா இலை போட்டாலும் மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். வேலிப்பக்கம் போய் நின்று காதை நிமிர்த்திக் கேட்கும், கத்தும், மறுபடியும் கேட்கும். மற்றக் குட்டி வந்து முட்டினாலும் அரைமனதாய்த்தான் பால் விட்டது. மூன்றாம் நாள் சத்தம் நின்றது. இலை தின்றது. ஆடுமாடுகளுக்கு இரண்டு நாள்தான் கவலை, அது மறந்துவிட்டது என்று ஸமத் மஸீனாவிடம் சொன்னார். பால் மட்டும் பழைய அளவுக்கு வரவில்லை. றஹீம் விடியுமுன்னே பசித்து எழும்பத் தொடங்கினான்.

கொக்கோத் தோட்டத்தில் காவல் பார்க்கிற இருளாண்டி நரிக் கதையைக் கேள்விப்பட்டுத் தானாகவே கடைக்கு வந்தான். முப்பது வயது இருக்கும். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் கோழி வளர்க்கிற அத்தனை பேருக்கும் அவன்தான் நரி விரட்டி. துரையுடைய ஊதலெல்லாம் தேவையில்லை என்றான். வழியோரத்து மானாப்புல்லில் ஒரு தாளைக் கிள்ளி, இரண்டு கட்டை விரலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்து ஊதினான். முயல் சாகிற சத்தம் அப்படியே வந்தது. ஸமத்தும் வாங்கி ஊதினார். உதடு வெட்டி இரத்தம் வந்ததுதான் மிச்சம். நாலு நாள் பழகிய பிறகு ஒரு மாதிரிச் சத்தம் வந்தது. இருளாண்டி சொன்ன பாடம் இரண்டே இரண்டு.

"நரி சத்தத்தக் கேட்டுப் பொறப்படும் நானா, வாசத்தப் புடிச்சிட்டுத் திரும்பிப் போயிரும். நேரா வராது, சுத்திக்கிட்டு காத்துப் பக்கமாத்தான் வரும். அதனால காத்தப் பாத்து ஒக்காருங்க. ரெண்டு தரம் ஊதிட்டு சும்மா இருந்துருங்க. சாகப்போற முயலு அர மணி நேரமா கத்தும்?"

சும்மா இருப்பது. அதுதானே கஷ்டம். இருளாண்டியோடு ஒரு விடியற்காலை போய் உட்கார்ந்தார். இருளாண்டி இரண்டு தரம் ஊதினான். கொஞ்ச நேரத்தில், சுப்ஹானல்லாஹ், கொக்கோ மரங்களுக்கு நடுவே நரி தலையை நீட்டியது. நாற்பது முழத் தூரம் இருக்காது. அது நின்று மோப்பம் பார்த்தது. இன்னும் பத்து அடி வரட்டும் என்று இருளாண்டி கையால் சைகை காட்டினான். ஸமத்துக்கோ அது போய்விடப் போகிறது என்ற பதற்றம். வாடிக்கைக்காரன் படியில் நின்று யோசித்தால் உள்ளே கூப்பிடாமல் இருக்கமுடியுமா? தன் கையில் இருந்த புல்லை வாயில் வைத்து அவரும் ஒரு ஊது ஊதினார். நரி அவரை நேராக ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. ஓடவில்லை, நடந்துதான் போனது. அதுதான் ஸமத்துக்குப் பொறுக்கவில்லை. புல் சரியில்லை என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இருளாண்டி பெரிய மனுஷன், அதையும் கேட்டுக்கொண்டு எழுந்து வேலைக்குப் போனான்.

அடுத்த பின்னேரம் ஸமத் தனியே போனார். இரண்டு தரம்தான் ஊதினார். வாயைப் பொத்திக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தார். நுளம்பு காதுக்குள் பாடியது, கால் மரத்துப்போனது. ஒன்றும் வரவில்லை. மறுநாள் காலை போய்ப் பார்த்தால், அவர் உட்கார்ந்திருந்த கல்லுக்குப் பின்னால், பத்து அடியில், ஈர மண்ணில் நரியின் கால் தடம். காற்றைப் பார்க்க மறந்துவிட்டார். அவர் முன்னால் பார்த்துக்கொண்டிருக்க, அது பின்னால் நின்று அவருடைய முதுகைப் பார்த்திருக்கிறது. பார்த்துவிட்டு அங்கேயே மூத்திரமும் பெய்துவிட்டுப் போயிருக்கிறது. ஸமத் அந்த இடத்தில் நின்று, தொழுகிற வாயால் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்றைச் சொன்னார். நரி வலம் போனால் என்ன, இடம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி என்று சொல்வார்கள். இது பிடுங்கவும் செய்தது, நக்கலும் செய்தது.

பதினோராம் நாள் நட்டநடுப் பகலில் அது வந்தது. ஸமத் கடையில் இருந்தார். மஸீனா பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுத் துணி காயப்போட வந்தவள், வேலியோரம் குட்டியின் கத்தலைக் கேட்டு விறகுக் கட்டையோடு ஓடினாள். நரி குட்டியின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கட்டை விழுந்ததும் காதைப் பாதி கிழித்துக்கொண்டு போய்விட்டது. ஸமத் வீட்டுக்கு வந்தபோது மஸீனா குட்டியை மடியில் வைத்து மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள்.

"ஒங்க ஊதலையும் புல்லையும் நான் குத்தம் சொல்ல வரல்ல. இந்தக் குட்டியும் போனா என் புள்ளைக்கு நான் எதைக் குடுக்கிற? அத மட்டும் சொல்லுங்க."

ஸமத்துக்கு யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை. நரிமேல், துரைமேல், கணபதி கிளாக்கர்மேல், புல்லின்மேல், தன்மேல். கடைக்குத் திரும்பிப் போய் மிளகு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து யோசித்தார். யோசிக்க யோசிக்க விஷயம் பிடிபட்ட மாதிரி இருந்தது. இத்தனை நாளும் செய்தது முட்டாள்தனம். இந்த நரிக்கு எதற்கு முயல் சத்தம்? அது தின்றது முயலையா? வாடிக்கைக்காரன் எதை வாங்கி ருசி கண்டானோ அதைத்தான் அவன் கண்ணில் காட்டவேண்டும். இது இருபது வருஷ வியாபாரம் சொல்லிக்கொடுத்த புத்தி. நரி வாங்கிப்போனது ஆட்டுக்குட்டி, ஆட்டுக்குட்டிச் சத்தத்துக்குத்தான் அது வரும். இருளாண்டியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அந்தப் புல் சங்கதிக்குப் பிறகு அவனிடம் போய் நிற்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

கடைக்குப் பின்னால் ஒரு பப்பாசி மரம் நின்றது. அதன் இலைத் தண்டு உள்ளே கோறை. சின்ன வயதில் அதை வெட்டிக் குழல் ஊதாதவர்கள் யார் இருக்கிறார்கள்? ஒரு முழத் தண்டு வெட்டி, நுனியில் கத்தியால் கீறி, ஊதினார். முதல் தண்டு மாடு மாதிரிக் கத்தியது. கொஞ்சம் குறுக்கினார். இன்னும் குறுக்கினார். ஒரு சாண் அளவுக்கு வந்தபோது, மே என்று ஒரு சத்தம் நடுங்கி நடுங்கி வந்தது. தாயைத் தேடுகிற குட்டி அப்படித்தான் கத்தும். கராம்பு விற்க வந்த கிழவர் ஒருவர் மூட்டைக்குப் பின்னால் குட்டி கட்டியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். பத்து நாளில் முதல் தடவையாக ஸமத் சிரித்தார்.

அன்றைக்கு அவர் மஃரிபுக்குப் பள்ளிவாசல் போகவில்லை. அந்தக் கால் மணி நேரம்தானே நரியின் நேரம். குட்டியைக் கூடை போட்டு மூடி அடுப்படிக்குள் வைத்தாயிற்று. செம்பி பட்டியில் முளையில் கட்டிக் கிடந்தது. ஸமத் பட்டிக்குப் பின்னால் சரிவில் இறங்கி, நாயுண்ணிப் பற்றைக்குள் இடம் பார்த்தார். ஒரு சிட்டிகை சாம்பல் தூவிக் காற்றுப் பார்த்தார். காற்று மலையிலிருந்து அவர் முகத்துக்கு வந்தது. துவக்கை மடியில் வைத்தார். இந்த முறை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார், அதில் ஒரு குறையும் சொல்லமுடியாது. பள்ளிவாசலில் பாங்கு முடிந்தது. இரண்டு தரம் ஊதினார். குழலைக் கீழே வைத்தார். சும்மா இருந்தார்.

பதறாத காரியம் சிதறாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு யாசீன் ஓதி முடிக்கிற நேரம் போயிருக்காது. பற்றை அசைந்தது. செம்பழுப்பாக ஒரு உடம்பு, பதிந்து, வேகமாக. அது காற்றைப் பார்க்கவில்லை, சுற்றி வரவில்லை, நின்று மோப்பம் பிடிக்கவில்லை. சத்தம் வந்த இடத்தைப் பார்த்து நேராக, முள்ளையும் கொடியையும் கிழித்துக்கொண்டு ஓடி வந்தது. எந்த நரியும் அப்படி வராது என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. வந்துவிட்டது, வந்தேவிட்டது என்பதுதான் தோன்றியது. வெளிச்சமும் குறைந்துவிட்டிருந்தது. சுட்டார்.

விழுந்தது. ஸமத் எழுந்து ஓடினார். முதலில் அவருடைய கண்ணில் பட்டது கயிறு. கயிற்றின் நுனியில் மண்ணோடு பிடுங்கி வந்த முளை. அதற்கு மேல் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் செம்பி அவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. வயிறு ஏறி இறங்கியது. வாயைத் திறந்து கத்தப் பார்த்தது, காற்றுத்தான் வந்தது.

உயிர் இருக்கிறது, அறுக்கவேண்டும். அதுதான் முதல் நினைப்பு. மானுக்கோ முயலுக்கோ போகிறவன் இடுப்பில் கத்தி இல்லாமல் போகமாட்டான். விழுந்தது சாவதற்கு முன் பிஸ்மி சொல்லி அறுத்தால்தான் ஹலால். நரியை யார் தின்னப் போகிறார்கள்? ஹறாமான மிருகத்துக்குக் கத்தி எதற்கு, பிஸ்மி எதற்கு என்று வெறுங்கையோடு வந்திருந்தார். பால்தான் போய்விட்டது, இறைச்சியாவது ஆகட்டும், நானாவின் வீட்டுக்கும் இருளாண்டியின் லயத்துக்கும் ஒரு பங்கு போகட்டும் என்று எப்படியோ கணக்கு ஓடியது அந்த வியாபாரி மண்டைக்குள். கத்தியைக் கொண்டு வா என்று மஸீனாவைக் கூப்பிட்டுக் கத்தினார். அவள் தொழுகையில் நின்றாள். வெடிச் சத்தம் கேட்டும் தொழுகையை விடாதவள், மூன்றாம் தரம் அவர் கத்திய சத்தத்தைக் கேட்டு விட்டுவிட்டு ஓடிவந்தாள், ஒரு கையில் கத்தியும் இடுப்பில் பிள்ளையுமாக.

ஸமத் கத்தியைப் பறித்துக்கொண்டு மண்டியிட்டார். பிஸ்மில்லாஹ் என்றார். கழுத்தில் கை வைத்தார். ஒரு துடிப்பு இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. மஸீனா குனிந்து செம்பியின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்தபடியே இருந்தாள். பிறகு அவருடைய கையிலிருந்து கத்தியை மெல்ல வாங்கினாள்.

"உசிர் போயிட்டு. இனி அறுத்தாலும் ஆகாது."

அவள் முளையைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். பிறகு பற்றைக்குள் கிடந்த பப்பாசிக் குழலைக் கண்டு எடுத்தாள். இதைத்தான் ஊதினாரா என்று கேட்டாள். ஸமத் ஆம் என்றார். நரி தின்றது குட்டியைத்தானே, அதனால்தான் குட்டிச் சத்தத்தை ஊதினேன் என்று சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

மஸீனா அவரைத் திட்டவில்லை.

"குட்டி அழுதா மொதல்ல ஓடி வாறது யாரு? நரியாங்க?"

பிள்ளை அவளுடைய தோளில் முகத்தைத் தேய்த்துச் சிணுங்கத் தொடங்கினான். அது அவன் பால் குடிக்கிற நேரம்.